பழைய காரைச் சாலைக்குக் கொணர்தல்

(சங்கத்தின் ஆண்டு விழாவில் நிகழ்த்திய உரையின் எழுத்து வடிவம்)

    

இன்னிசைக்கும் நாடகத்திற்கும் இடையே எனக்கென ஒதுக்கப்பெற்ற இச்சிறு நேரத்தில், இலக்கியத்தைப் பற்றியோ வரலாற்றைப் பற்றியோ நான் பேசப் போவதில்லை. பழைய மோட்டார் காரைப் பற்றிப் பேசப் போகிறேன். ஆண்டு விழாவில் இது என்ன பேச்சு என்று சிலர் எண்ணக்கூடும். ஆயினும், நம் காலனியின் பின்புறத்துக் கொட்டகைகளைச் சற்று எட்டிப் பார்த்தவர்கள் அவ்வாறு எண்ணமாட்டார்கள். தார்ப்பாய் போர்த்தப்பட்டு, டயர்களில் காற்றிழந்து, ஆண்டுக்கணக்காய் உறங்கும் கார்கள் சில அங்கே உண்டு. தந்தையார் ஓட்டியது, பாட்டனார் வாங்கியது என்று அவற்றைச் சுட்டிக் காட்டுவோம். பழைய இரும்புக் கடைக்குக் கொடுக்கவும் மனம் வருவதில்லை. சாலைக்குக் கொணரவும் வழி தெரிவதில்லை. அந்த வழியைப் பற்றியே இன்று பேச விழைகிறேன்.

நம்மவர் வீடுகளில் நிற்கும் பழைய கார்களில் இரண்டு வகைகள் குறிப்பிடத்தக்கவை. ஒன்று அம்பாசிடர். இது இக்கொல்கத்தாவிற்கு அருகே, ஹூக்ளி மாவட்டத்து உத்தர்பாராவில் பிறந்தது. ஆங்கில நாட்டு மாரிஸ் ஆக்ஸ்போர்டு காரின் மூன்றாம் வரிசையை அடியொற்றி 1950-களின் இறுதியில் உருவாகத் தொடங்கி, 2014 மே மாதம் வரை அங்கே உற்பத்தியானது. மற்றொன்று ஸ்டாண்டர்டு ஹெரால்டு. இது நம் சென்னையில் பிறந்தது. ஆங்கில நாட்டில் 1959-இல் வெளிவந்த டிரையம்ப் ஹெரால்டு, 1961 முதல் சென்னையில் ஸ்டாண்டர்டு என்னும் பெயர் தாங்கி வரலாயிற்று. அதன் உருவை வரைந்தவர் இத்தாலியரான ஜியோவன்னி மிக்கலோட்டி. முன்மூடி முழுவதும் முன்னோக்கிச் சாய்ந்து திறக்கும் அழகையும், சுமார் 25 அடி வட்டத்துக்குள் திரும்பிவிடும் இலாகவத்தையும் கண்டவர்கள் எளிதில் மறக்கமாட்டார்கள். வேலை நிமித்தம் சென்னையினின்று இந்நகருக்கு வந்த குடும்பங்கள் சிலவற்றுடன் ஹெரால்டும் உடன் வந்தது. ஆகவே ஒன்று நாம் வந்து சேர்ந்த ஊரின் கார். மற்றொன்று நாம் விட்டு வந்த ஊரின் கார்.

இத்தகைய காரைச் சீரமைக்க முற்படுவோர் பெரும்பாலும் என்ன செய்கிறார்கள்? முதலில் டிங்கரிங், பட்டி, பெயிண்டு. வண்டி பளபளக்கிறது. அடுத்து எஞ்சின். மல்லிக் பஜாரில் அலைந்து உதிரிப் பாகங்களைத் தேடி, ஒருவாறு அதை உறுமச் செய்கிறார்கள். பிறகு, ‘ஓடுகிறதே, நிறுத்தவும் வேண்டுமே’ என்று பிரேக்கை நினைக்கிறார்கள். பல இலட்சம் ரூபாய் செலவான பின்னரே, ‘பதிவுப் புத்தகம் எங்கே?’ என்னும் கேள்வி எழுகிறது. அன்பர்களே, இந்த வரிசை முற்றிலும் தலைகீழானது. நான் இன்று சொல்ல வந்ததும் இது ஒன்றே: முதலில் ஏடு, அடுத்துப் பிரேக், அதன் பின் எஞ்சின், எல்லாவற்றிற்கும் கடைசியில் வண்ணம்.

ஏட்டை ஏன் முதலில் வைக்கிறேன்? சட்டத்தின் கண்ணுக்கு ஒரு காரின் அடையாளம் அதன் வண்ணமும் அன்று, எண் பலகையும் அன்று. சேசிஸ் என்னும் சட்டகத்தில் பொறித்த எண்ணே அதன் அடையாளம். ஆய்வுக்கு வரும் மோட்டார் வாகன ஆய்வாளர் அவ்வெண்ணின் மீது தாளை வைத்துப் பென்சிலால் தேய்த்துப் பதிவெடுப்பார். அதைப் பதிவுப் புத்தகத்துடன் ஒப்பிடுவார். இரண்டும் ஒத்தால்தான் மேற்கொண்டு பேச்சு. ஒரு எழுத்து மாறினாலும், அது யாருடைய வண்டியோ என்னும் ஐயம் எழுந்துவிடும். துரு நீக்குகிறோம் என்று மணல் பீய்ச்சியும் அரைப்பான் வைத்தும் தேய்க்கும்போது, அந்த எண்ணையே அழித்துவிடும் பட்டறைகள் உண்டு. ஆகவே வண்டியைப் பட்டறைக்குள் தள்ளுமுன் சேசிஸ் எண்ணையும் எஞ்சின் எண்ணையும் தேடிக் கண்டு, படம் எடுத்து, பென்சில் பதிவும் எடுத்து வைத்துக்கொள்ளுங்கள். மங்கிய எண்ணை நீங்களாகவே மீண்டும் பொறிக்கத் துணியாதீர்கள். அது பதிவு அதிகாரியின் அனுமதி பெற்றுச் செய்ய வேண்டிய காரியம்.

அடுத்தது உரிமை. தந்தையாரின் கார் நம் கொட்டகையில் நிற்பதனாலேயே அது நம் பெயருக்கு வந்துவிடாது. உரிமையாளர் காலமானால், வண்டியை வைத்திருக்கும் வாரிசு 30 நாட்களுக்குள் பதிவு அதிகாரிக்குத் தெரிவித்து, 3 மாதங்களுக்குள் படிவம் 31-இல் பெயர் மாற்றத்திற்கு விண்ணப்பிக்க வேண்டும் என்பது விதி. நம்மில் பலர் துக்கத்தின் நடுவே இதைச் செய்வதில்லை. துக்கம் ஆறிய பின்னும் செய்வதில்லை. காலம் கடந்திருந்தாலும், அபராதம் இருப்பின் அதைச் செலுத்தி, இறப்புச் சான்று, வாரிசுச் சான்று, உடன்பிறந்தோரின் இசைவு ஆகியவற்றுடன் முதலில் அதை முடித்துக்கொள்வதே அறிவுடைமை. ஒருவர் தம் பணத்தைக் கொட்டிச் சீரமைத்த பிறகு, ‘அதில் எனக்கும் பங்கு உண்டு’ என்று மற்றொருவர் வந்து நின்றால், இழப்பது பணத்தை மட்டுமன்று. உறவையும் இழக்க நேரும். பதிவுப் புத்தகம் தொலைந்திருந்தால், காவல் நிலையத்தில் தெரிவித்து, படிவம் 26 வழியாக நகல் பெறலாம். இன்று கார் வைத்திருப்போருக்கும் ஒரு சொல்: 2021 முதல் பதிவுச் சான்றிலேயே நியமனதாரரின் பெயரைச் சேர்க்க வழி வகுக்கப்பட்டுள்ளது. அதைச் செய்துவிட்டால் பின்வருவோர்க்கு அலைச்சல் பெரிதும் குறையும்.

வேற்று மாநிலத்தில் வாழும் நமக்கே உரிய சிக்கல் ஒன்றும் உண்டு. ஒரு மாநிலத்தில் பதிவான வண்டி மற்றொரு மாநிலத்தில் 12 மாதங்களுக்கு மேல் வைக்கப்பட்டால், அங்கே புதிய பதிவெண் பெற வேண்டும் என்பது மோட்டார் வாகனச் சட்டத்தின் 47-ஆம் பிரிவு. அதற்கு, முதலில் பதிவு செய்த அலுவலகம் தடையின்மைச் சான்று அளித்தல் வேண்டும். அதற்குரியது படிவம் 28. இங்கேதான் பலரும் திகைத்து நிற்கிறார்கள். 1989 ஜூலை முதல் நாள் இப்போதைய சட்டம் நடைமுறைக்கு வருவதற்கு முன் பதிவான வண்டிகளின் விவரம், கையால் எழுதிய பேரேடுகளில் இருந்தது. அவற்றுள் பல, கணினிப் பதிவேட்டில் ஏறவே இல்லை. போதாக்குறைக்கு, அக்காலத்து ஒரே அலுவலகம் இன்று பல அலுவலகங்களாகப் பிரிந்திருக்கும். ஆகவே பழைய புத்தகத்தை எடுத்துக்கொண்டு பிறந்த ஊர் அலுவலகத்தை அணுகி, பழம்பதிவைக் கணினியில் ஏற்றித் தருமாறு வேண்டிப் பெறுவதே முதற்படி. விடுமுறைக்கு ஊர் செல்லும்போது இரண்டு நாட்களை இதற்கென ஒதுக்குங்கள். கோயிலுக்கும் திருமணத்திற்கும் போகிற பயணத்தில் இதற்கும் ஓரிடம் கொடுத்தால் குறைந்துவிடாது.

ஏடு சீரான பின், இரு பாதைகள் நம் முன் விரிகின்றன. எப்பாதை என்பதைச் சீரமைப்புத் தொடங்குமுன்பே முடிவு செய்தாக வேண்டும்.

முதலாவது, வழக்கமான பாதை. சொந்தக் காரின் பதிவு 15 ஆண்டுகளுக்குச் செல்லும். அதன்பின் ஆய்வுக்குட்படுத்தி, 5 ஆண்டுக்கு ஒருமுறை புதுப்பிக்கலாம். அதற்குரியது படிவம் 25. 2022 ஏப்ரலில் 5,000 ரூபாயாக இருந்த கட்டணம், 20 ஆண்டு கடந்த காருக்கு 2025 ஆகஸ்டு அறிவிக்கையால் 10,000 ரூபாயாக உயர்ந்தது. மாநில வரி தனி. இப்பாதையில் சென்றால் வண்டியை நாள்தோறும் ஓட்டலாம். ஆனால் தில்லியிலும் அதன் சுற்று வட்டாரத்திலும், 10 ஆண்டு கடந்த டீசல் வண்டிகளுக்கும் 15 ஆண்டு கடந்த பெட்ரோல் வண்டிகளுக்கும் நீதிமன்ற ஆணைகளால் தனிக் கட்டுப்பாடுகள் வந்ததை நீங்கள் அறிவீர்கள். ஆகவே அந்தந்த நகரத்தின் நடப்பு விதியைக் கேட்டறிந்த பின்பே இப்பாதையில் இறங்க வேண்டும்.

இரண்டாவது, 2021 ஜூலையில் நடுவண் அரசு வகுத்த பழம்பெருமை வாகனப் பாதை. முதற்பதிவிலிருந்து 50 ஆண்டு கடந்த, சொந்தப் பயனுக்குரிய இருசக்கர, நான்குசக்கர வண்டிகளுக்கு இது உரியது. புதுப் பதிவுக்கு 20,000 ரூபாய்; 10 ஆண்டு கழித்து மறுபதிவுக்கு 5,000 ரூபாய். படிவம் 20-இல் காப்பீட்டுச் சான்றும் பழைய பதிவுப் புத்தகமும் இணைத்து விண்ணப்பித்தால், 60 நாட்களுக்குள் படிவம் 23ஏ வடிவில் பதிவுச் சான்று வழங்க வேண்டும் என்பது விதி. மாநிலம் அமைக்கும் குழு வண்டியை ஆய்ந்து தகுதியை முடிவு செய்யும். புதிதாகப் பதிவாகும் வண்டிக்கு, மாநிலக் குறியீட்டை அடுத்து ‘வி.ஏ.’ என்னும் எழுத்துகள் வரும் எண் கிடைக்கும். முன்பே பதிவான வண்டியோ தன் பழைய எண்ணையே வைத்துக்கொள்ளலாம். மூன்றாம் நபர் காப்பீட்டுக் கட்டணத்திலும், இவ்வாறு பதிவான சொந்தக் காருக்கு 50 சதவீதத் தள்ளுபடியை 2022-ஆம் ஆண்டு விதிகள் அளித்தன.

இவ்வளவு சலுகைக்கும் இரு நிபந்தனைகள் உண்டு. ஒன்று, சேசிஸ், உடற்கூடு, எஞ்சின் ஆகியவற்றை மாற்றியமைத்திருத்தல் ஆகாது. மற்றொன்று, வண்டியை அன்றாடப் போக்குவரத்துக்கோ வாணிகத்திற்கோ பயன்படுத்தல் ஆகாது. கண்காட்சி, பழங்கார் அணிவகுப்பு, தொழில்நுட்ப ஆராய்ச்சி, அவற்றுக்குச் சென்று திரும்புதல், எரிபொருள் நிரப்புதல், பராமரிப்பு ஆகியவற்றுக்கே சாலையில் அதற்கு இடமுண்டு.

இத்தேர்வு எவ்வளவு கடினமானது என்பதற்கு, நான் அறிந்த ஒரு குடும்பத்தைச் சொல்கிறேன். பெரியவர் 1966-இல் சென்னையில் வாங்கிய ஹெரால்டு அது. அவர் மறைந்த பின் பல ஆண்டுகள் கொட்டகையில் கிடந்தது. மகனுக்கு, அதில் புதிய எஞ்சின் ஒன்றைப் பொருத்தி, அன்னையாரை நாள்தோறும் கோயிலுக்கு அழைத்துச் செல்ல வேண்டும் என்று ஆசை. அன்னையாருக்கோ வேறொரு விருப்பம். ‘எஞ்சின் எதுவாயினும் ஆகட்டும், உங்கள் அப்பா தம் கையால் எழுதிய அந்த நம்பர் மட்டும் மாறக் கூடாது’ என்றார். இரு விருப்பமும் ஒருங்கே நிறைவேற வழியில்லை. வேற்று எஞ்சின் பொருத்தினால் பழம்பெருமைப் பாதை அடைபட்டுவிடும். வழக்கமான பாதையில் சென்றால் இம்மாநிலத்தின் புதிய எண்ணை ஏற்க வேண்டும். மகன் ஒரு மாதம் யோசித்தார். பிறகு பழைய எஞ்சினையே திறந்து சீர்செய்யச் சொன்னார். பெங்களூரில் இருக்கும் தம்பியின் இசைவுக் கடிதம் வந்தது, பெயர் மாறியது, விண்ணப்பம் போயிற்று. முதல் ஆய்வில் கைப்பிரேக் சரிவில் பிடிக்கவில்லை என்று திருப்பி அனுப்பினார்கள். இரண்டாம் முறை தேறியது. இன்று அவ்வண்டி ஆண்டுக்குச் சில நாட்களே வெளியே வருகிறது. அன்னையார் கோயிலுக்கு வாடகைக் காரில்தான் செல்கிறார். அதில் அவருக்குக் குறையேதும் இல்லை. ஒன்றைக் காக்க மற்றொன்றை விட்டுக்கொடுத்தோம் என்பதை அந்தக் குடும்பம் தெளிவாக அறிந்து செய்தது. அந்தத் தெளிவு பட்டறைக்குப் போகுமுன் வந்ததே அவர்களுடைய நற்பேறு.

இனிப் பிரேக்குக்கு வருகிறேன். அக்காலத்து அம்பாசிடரில் நான்கு சக்கரங்களுக்கும் டிரம் பிரேக்கே. எண்ணெய் அழுத்தமோ ஒரே குழாய் வழியில் செல்வது. எங்கேனும் ஓரிடத்தில் கசிந்தால் நான்கு சக்கரங்களும் ஒருங்கே கைவிட்டுவிடும். இக்காலக் கார்களில் உள்ள இரட்டை வழி அதில் இல்லை. பல்லாண்டு நின்ற வண்டியில் மாஸ்டர் சிலிண்டர், வீல் சிலிண்டர் ஆகியவற்றின் ரப்பர் வளையங்கள் கட்டாயம் பழுதுபட்டிருக்கும். வளைகுழாய் வெளியே நன்றாகத் தோன்றினும் உள்ளே வீங்கி அடைத்திருக்கும். இவை அனைத்தையும் ஐயத்திற்கு இடமின்றி மாற்றிவிடுங்கள். பிரேக் எண்ணெய்க்குப் பதிலாக எஞ்சின் எண்ணெயை ஊற்றினால் ரப்பர் ஊதிப் பாழாகும் என்பதையும் நினைவில் வையுங்கள். வேகம் இருமடங்கானால், வண்டி நிற்க வேண்டிய தூரம் ஏறத்தாழ நான்கு மடங்காகும். முன்னே செல்லும் புதிய கார் சட்டென நின்றுவிடும். நம் பழங்கார் அவ்வாறு நிற்காது.

ஆய்வாளர் வேறு எவற்றைப் பார்ப்பார்? ஸ்டியரிங் சக்கரத்தின் வெற்றாட்டம் 30 பாகைக்கு மேற்படக் கூடாது. டயரின் பள்ளம் 1.6 மில்லிமீட்டருக்குக் குறையக் கூடாது. நான் இன்னும் ஒன்று சொல்வேன்: பள்ளம் நிறைய இருந்தாலும் டயர் முதுமை அடைந்திருக்கலாம். பக்கவாட்டில் பொறித்த நான்கிலக்க எண்ணில் முதல் இரண்டு வாரத்தையும், பின் இரண்டு ஆண்டையும் காட்டும். அதைப் பார்த்து முடிவு செய்யுங்கள். விளக்குகள், திருப்பக் குறிகள், ஒலிப்பான், துடைப்பான், கண்ணாடி, புகைபோக்கி ஆகியவையும் ஆய்வுக்கு உட்படும். மாசுக் கட்டுப்பாட்டுச் சான்றும் வேண்டும். அத்தகைய பழைய பெட்ரோல் காருக்கு, நின்ற நிலையில் எஞ்சின் ஓடும்போது புகையில் கார்பன் மோனாக்சைடு 3 சதவீதத்துக்கு மேற்படலாகாது. கார்புரேட்டரை நன்கு சரிசெய்தால் இது எட்டக்கூடியதே.

துருவைப் பற்றியும் ஒரு சொல். ஹெரால்டுக்குத் தனிச் சட்டகம் உண்டு. உடல் அதன் மேல் அமர்ந்திருக்கும். அம்பாசிடருக்குத் தனிச் சட்டகம் இல்லை, உடற்கூடே சட்டகம். ஆகவே அம்பாசிடரின் தரைத் தகட்டிலும் கதவடிப் பகுதியிலும் துரு அரித்திருந்தால், அதைப் பட்டியால் மூடி மறைப்பது வீட்டுத் தூணின் வெடிப்பைச் சுண்ணாம்பால் மறைப்பதற்கு ஒப்பாகும். ஹெரால்டிலோ சட்டகத்தின் பக்கக் கரங்களைத் தட்டிப் பார்க்க வேண்டும். அதன் பின் அச்சு ஊசலாடும் வகையது. வளைவில் வேகமாகத் திருப்பினால் பின்சக்கரம் உட்புறம் மடங்க இடமுண்டு. அக்காரை ஓட்டுவோர் வளைவுக்கு முன்பே வேகத்தைக் குறைத்துக்கொள்வது நலம்.

எஞ்சினைப் பொறுத்தவரை, காலம் எரிபொருளையே மாற்றிவிட்டது. 2000-ஆம் ஆண்டுடன் ஈயம் கலந்த பெட்ரோல் நம் நாட்டில் முடிவுற்றது. பழைய எஞ்சின்களின் வால்வு இருக்கைகள் அந்த ஈயத்தின் காப்பை நம்பியவை. எஞ்சினைத் திறக்கும்போதே கடினப்படுத்திய இருக்கைகளைப் பொருத்திவிட்டால் கவலையில்லை. 2025-இல் பெட்ரோலில் எத்தனால் 20 சதவீதத்தை எட்டியது. அது ஈரத்தை ஈர்க்கும்; பழைய ரப்பர்க் குழாயையும் பெட்ரோல் பம்பின் சவ்வையும் கரைக்கும். எத்தனாலைத் தாங்கும் ரப்பரால் ஆனவற்றையே இடுங்கள். தொட்டியில் மாதக்கணக்கில் பெட்ரோலைத் தேக்கி வைக்காதீர்கள்.

இவையெல்லாம் முடிந்த பின் வண்ணம் பூசுங்கள். அப்போதும் பதிவுப் புத்தகத்தில் எழுதியுள்ள வண்ணத்தையே பூசுங்கள்; மாற்ற விரும்பினால் அதையும் பதிவு செய்துவிடுங்கள். ஆய்வுக்குக் கொண்டு செல்லும் நாளில், பதிவு காலாவதியான வண்டியை ஓட்டிச் செல்லாமல் இழுவை வண்டியில் ஏற்றிச் செல்லுங்கள். அந்தச் சிறு செலவைப் பார்த்து, காப்பீடில்லாத வண்டியைச் சாலையில் இறக்கலாகாது. மூன்றாம் நபர் காப்பீடு சட்டத்தின் 146-ஆம் பிரிவு விதிக்கும் கட்டாயம். அது இல்லாத வேளையில் விபத்து நேர்ந்து, ஒரு குடும்பம் தன் உழைப்பாளியை இழந்தால், அந்த இழப்பீட்டுக்கு நம் வீட்டையே விற்க நேரலாம். அவர்களுக்கோ வீடு விற்ற பணமும் ஈடாகாது.

இங்கேதான் இப்பேச்சின் உட்பொருள் இருக்கிறது. ஆய்வு, படிவம், சான்று என்றால் நமக்குச் சலிப்பு உண்டாகிறது. ‘எங்கள் வண்டி, எங்கள் பணம், இவர்கள் யார் கேட்பதற்கு?’ என்கிறோம். கொட்டகைக்குள் நிற்கும்வரை அது நம் வண்டிதான். சாலைக்கு வந்த அந்தக் கணமே, எதிரே பள்ளிக்குச் செல்லும் சிறுவனும் ஓரத்தில் கீரைக் கூடையுடன் நடக்கும் மூதாட்டியும் அந்த வண்டியோடு தொடர்புடையவர்களாகிவிடுகிறார்கள். அவர்கள் நம் தந்தையாரை அறியார். நம் அன்பையும் அறியார். ‘இந்த வண்டி நிற்க வேண்டிய இடத்தில் நிற்கும், நேரக்கூடாதது நேர்ந்தால் பொறுப்பேற்க ஒருவர் உண்டு’ என்னும் உறுதி ஒன்றே நாம் அவர்களுக்குத் தரக்கூடியது. பதிவுச் சான்று என்னும் அந்தச் சிறு ஏடு அவ்வுறுதியின் எழுத்து வடிவமே.

முன்னோர் விட்டுச் சென்ற பொருளைப் போற்றுவது நம் மரபு. போற்றுதல் என்பது பளபளக்கச் செய்து படம் எடுத்துக்கொள்வதோடு முடிவதன்று. பிறர்க்குத் தீங்கின்றி அது உலவும் நிலையை உண்டாக்குவதே. கொட்டகையில் கார் உறங்கும் வீட்டார் எவரேனும் இங்கு இருப்பின், வருகிற ஞாயிற்றுக்கிழமை ஒரு காரியம் செய்யுங்கள். பட்டறைக்குப் போக வேண்டாம். இரும்புப் பெட்டியைத் திறந்து, பழைய பதிவுப் புத்தகத்தைத் தேடி எடுங்கள். அதிலுள்ள சேசிஸ் எண்ணை ஒரு தாளில் எழுதிக்கொண்டு கொட்டகைக்குச் சென்று ஒப்பிட்டுப் பாருங்கள். இரண்டும் ஒத்திருந்தால், உங்கள் வண்டி பாதி வழி வந்துவிட்டது என்று கொள்ளலாம். மீதி வழிக்கு வேண்டிய படிவங்களை நிரப்புவதில் உதவ, நம் சங்கத்து ஓய்வுபெற்ற அன்பர்கள் முன்வருவார்கள் என்னும் நம்பிக்கை எனக்கு உண்டு.